பார்த்திருப்பதா, எடுத்துவிடுவதா

பாப் ஸ்மியர் ரிசல்ட்டோடு வரும் பெண்கள் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்ததும் தாளை உடனே நீட்டிவிட மாட்டார்கள். கைப்பைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் நான்காய் மடித்த தாள். அது வெளியே வருவதற்கு முன்பே கேள்வி வந்துவிடும். "என்னம்மா, கேன்சரா?" யாங்கோனில் தமிழ்க் குடும்பத்துப் பெரியவர்கள் இதைத் தமிழில் கேட்பார்கள். கூட வரும் மகளோ மருமகளோ பர்மிய மொழியில் கேட்பாள். பர்மியப் பெண்கள் 'ஸயாமா' என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டு அதையேதான் கேட்பார்கள். அடுத்து வரும் பேச்சும் எல்லோருக்கும் ஒன்றுதான். "எடுத்துடுங்க."

எதை எடுக்கணும் என்று கேட்டால், "எல்லாத்தையும்" என்பார்கள்.

மகப்பேறு மருத்துவராக இந்த ஊரில் நான் செய்த வேலையில் பிரசவம் பார்த்ததைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதிகம் யோசனை தந்த வேலை இது. புற்றுநோய் இல்லை, ஆனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது என்ற நிலையில் இருக்கும் ஒரு பெண்ணிடம், பார்த்திருக்கலாம் என்பதா, இப்போதே எடுத்துவிடலாம் என்பதா?

முதலில் பயத்தைக் கொஞ்சம் இறக்கிவைக்க வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். இதைக் கண்டறிந்ததற்காகத்தான் ஜெர்மனியின் ஹரால்டு சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. தாம்பத்திய வாழ்க்கை தொடங்கிய பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு இந்த வைரஸ் ஒருமுறையாவது வந்துபோகும். அதில் நடத்தைக் குற்றம் எதுவும் இல்லை. மாமியாரும் கணவரும் அறையில் இருக்கும்போது இதைக் கொஞ்சம் உரக்கவே சொல்வேன். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் உடம்பே அதைத் துரத்திவிடுகிறது. வைரஸ் தங்கிவிடும் சிலரிடம்தான் செல்கள் மாறத் தொடங்குகின்றன. அந்த மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே இன்றைக்கு ராத்திரியே எதுவும் நடந்துவிடாது.

கருப்பை வாயின் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான். அதை வைத்து யாருக்கும் சிகிச்சை முடிவு சொல்ல மாட்டேன். அடுத்தது கால்போஸ்கோப். அதை உள்ளே நுழைப்பதில்லை, வெளியிலேயே நின்று பெரிதாக்கிக் காட்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பாதி நடுக்கம் அடங்கிவிடும். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துக் கருப்பை வாயில் வைத்து, ஒரு நிமிடம் காத்திருப்பேன். அந்த நிமிடத்தில் எப்போதும் நான்தான் பேச்சுக் கொடுப்பேன். எந்தப் பஸ்ஸில் வந்தீங்க, பசங்க எந்த ஸ்கூல் என்று ஏதாவது கேட்பேன். அதற்குள் மாறிய செல்கள் வெளுத்து எழும்பிவிடும். மெல்லிய பனிபோல் வெளுத்து, ஓரம் கலைந்து, சீக்கிரமே மறைந்தால் பெரும்பாலும் சின்ன மாற்றம். வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு போல் தடித்து, ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நின்று, மறைய மறுத்தால் என் குரலில் எதுவும் தெரியாதபடி பார்த்துக்கொள்வேன். அந்த இடத்திலிருந்து அரிசி அளவு சதையை எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்புவேன்.

பயாப்ஸி தரம் சொல்லும். புற்றுநோய்க்கு முந்தைய இந்தச் செல் மாற்றத்தைச் சி.ஐ.என். என்போம். சி.ஐ.என். 1 என்றால் மேல்தோலின் அடிப்பகுதி மூன்றில் ஒரு பங்கில் மட்டும் மாற்றம். 2 என்றால் மூன்றில் இரண்டு பங்கு வரை. 3 என்றால் ஏறக்குறைய முழுத் தடிமனிலும். மூன்றிலும் மாற்றம் அடித்தளச் சவ்வைத் தாண்டவில்லை. தாண்டிவிட்டால்தான் அதைப் புற்றுநோய் என்கிறோம்.

சி.ஐ.என். 1 என்றால் முடிவு எளிது. தொட வேண்டாம், ஒரு வருஷம் கழித்து வாங்க. பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும். சி.ஐ.என். 3 என்றாலும் எளிதுதான், எடுத்துவிட வேண்டும். நடுவில் நிற்கும் 2-தான் ஒரு மருத்துவரின் பொறுமையையும் நேர்மையையும் சோதிக்கிறது.

26 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். கல்யாணமாகிச் சில மாதம், குழந்தை இன்னும் இல்லை. அனோரத்தா சாலைப் பக்கம் ஒரு அலுவலகத்தில் வேலை, கிளினிக்குக்கு நடந்தே வரலாம். சி.ஐ.என். 2. கூட வந்த அம்மா கண்ணைத் துடைத்தபடியே, "செலவைப் பத்திக் கவலைப்படாதீங்க டாக்டரம்மா, உடனே பண்ணிடுங்க" என்றார். பண்ண வேண்டாம் என்றேன். நம்பாமல் என்னைப் பார்த்தார். செலவு செய்யத் தயாராய் வந்த குடும்பத்திடம் ஒன்றும் செய்யாதீர்கள் என்று சொல்லும் மருத்துவரை இந்த ஊரிலும் யாரும் லேசில் நம்புவதில்லை.

காரணங்களை எடுத்துச் சொன்னேன். 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு தொகுப்பாய்வு, சிகிச்சை தராமல் கண்காணிக்கப்பட்ட சி.ஐ.என். 2 பெண்களைப் பற்றியது. இரண்டு ஆண்டுகளில் அவர்களில் பாதிப்பேருக்கு மாற்றம் தானாகவே பின்வாங்கியது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு அப்படியே நின்றது. 18 விழுக்காட்டினருக்கு மேலே போனது. 30 வயதுக்குக் கீழே என்று மட்டும் பார்த்தால் பின்வாங்கியவர்கள் 60 விழுக்காடு, முற்றியவர்கள் 11. இன்னொரு பக்கம், கருப்பை வாயிலிருந்து சதையை வளையத்தால் வெட்டியெடுத்தால் அடுத்த கர்ப்பத்தில் குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பு கூடுகிறது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆழமாக எடுத்தால் இன்னும் கூடும். பிள்ளை பெறக் காத்திருக்கும் 26 வயதுப் பெண்ணுக்கு இந்தக் கணக்கில் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கால்போஸ்கோப், இரண்டு ஆண்டுகள். குறையாமல் நின்றாலோ கூடினாலோ எடுத்துவிடலாம்.

அதே வாரம், அதே சி.ஐ.என். 2-வோடு இன்னொருவர் வந்தார். ஆற்றுக்கு அக்கரை டலா. வயது 38, மூன்று பிள்ளைகள், இனிப் பிள்ளை வேண்டாம் என்று முடிவானவர். காலையில் காய்கறிக் கூடையோடு பன்சோடான் துறைக்குப் படகில் வந்து, விற்று முடித்துவிட்டுத் திரும்புகிறவர். "ஆறு மாசம் கழிச்சு வரச் சொன்னா வந்துடுவேம்மா" என்றார். மனதாரத்தான் சொன்னார். ஆனால் இங்கே வந்து உட்காரும் நாளில் அவருக்குக் கூலி இல்லை. மழைக்காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் ஒத்திப்போடப்படுவது அவருடைய உடம்புதான். அவருக்கு அந்த வாரமே லீப் என்ற அந்த வளையச் சிகிச்சையைச் செய்தேன்.

பயாப்ஸித் தாளில் இரண்டு பேருக்கும் ஒரே வரிதான் எழுதியிருந்தது. இளையவள் வசதியுள்ளவள் என்பதால் விட்டுவைத்தேன், இவர் ஏழை என்பதால் வெட்டினேன் என்று இதை யாராவது படித்தால் வருத்தப்படுவேன். கண்காணிப்பும் ஒரு சிகிச்சைதான். மாத்திரையை வாங்கி வைத்துச் சாப்பிடாவிட்டால் எப்படிப் பயனில்லையோ, திரும்பி வர முடியாத கண்காணிப்புக்கும் பயனில்லை. அதனால் பயாப்ஸித் தாளில் இல்லாத சிலவற்றைக் கேட்காமல் நான் முடிவு சொல்வதில்லை. எங்கே தங்கியிருக்கிறீர்கள், சொந்த வீடா வாடகையா? வருஷத்தில் எத்தனை மாதம் ஊருக்குப் போய்விடுவீர்கள்? இன்னும் பிள்ளை வேண்டுமா? உங்களுக்கே நினைவில்லாதபோது நினைவூட்ட வீட்டில் யார் இருக்கிறார்கள்?

லீப் என்பது என்ன என்று பெண்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மயக்கம் கொடுப்பதில்லை. கருப்பை வாயில் மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நிதானமாக இழுப்பேன். தீய்ந்த வாடை வரும், அதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். நர்ஸ் உறிஞ்சுகுழாயைப் பக்கத்தில் பிடித்துப் புகையை இழுத்துக்கொள்வார். வெட்டுவது சில நொடிகள்தான். ரத்தம் கசியும் இடத்தைச் சுட்டு, மோன்செல் பசையைத் தடவுவேன். கடுகுப் பழுப்பு நிறப் பசை அது. பிறகு சில நாள் காப்பிப்பொடி மாதிரி கறுப்பாய் உதிரும், பயப்பட வேண்டாம் என்பதையும் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். நாலிலிருந்து ஆறு வாரம் கணவனோடு சேரக் கூடாது. இதைப் பெண்ணிடம் மட்டும் சொன்னால் போதாது. கணவரை உள்ளே அழைத்து நானே நேரில் சொல்வேன். வீட்டில் அவள் தன் வாயால் சொல்லி நடக்கிற காரியமில்லை அது.

சி.ஐ.என். 3-ஐ ஏன் பார்த்திருக்கக் கூடாது என்று இளம் மருத்துவர்கள் கேட்கும்போது ஆக்லாந்தைச் சொல்வேன். நியூசிலாந்தின் தேசிய மகளிர் மருத்துவமனையில் ஹெர்பர்ட் கிரீன் என்ற மகப்பேறு நிபுணர், இந்த மாற்றம் புற்றுநோயாக முற்றும் என்பதை நம்பவில்லை. 1966-இல் தொடங்கி, அந்த நிலையிலிருந்த பெண்களுக்கு முழுச் சிகிச்சை தராமல் கண்காணித்துக்கொண்டே வந்தார். தாங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்பதே பல பெண்களுக்குத் தெரியாது. அதே மருத்துவமனையின் கால்போஸ்கோப் நிபுணர் மெக்கிண்டோவும் நோய்க்குறியியலாளர் மெக்லீனும் மற்றவர்களும் சேர்ந்து 1984-இல் உண்மையைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து சாண்ட்ரா கோனி, ஃபிலிடா பங்கிள் என்ற இரண்டு பெண்கள் 'மெட்ரோ' இதழில் எழுதிய பிறகுதான் நாடு விழித்தது. நீதிபதி சில்வியா கார்ட்ரைட் தலைமையில் விசாரணை நடந்து, 1988-இல் அறிக்கை வந்தது.

அந்தப் பெண்களின் பதிவேடுகளை மறுபடி ஆராய்ந்து 2008-இல் வெளியான முடிவை நான் மனப்பாடமாகவே வைத்திருக்கிறேன். பயாப்ஸியோடு மட்டும் விடப்பட்டவர்களில் 30 ஆண்டுகளில் 31 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய் வந்தது. முறையான சிகிச்சை பெற்றவர்களில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு, 0.7. சி.ஐ.என். 3 எவ்வளவு முற்றும் என்று உலகத்துக்கு இன்று தெரிந்திருப்பதில் பெரும்பகுதி, கேட்காமலே அந்தப் பெண்களிடமிருந்து எடுக்கப்பட்ட அறிவு. அதை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணிடம் "கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. விதிவிலக்கு ஒன்றே ஒன்றுதான், கர்ப்பிணி. புற்றுநோயே என்ற சந்தேகம் இல்லாதவரை கர்ப்ப காலத்தில் கால்போஸ்கோப்பால் பார்த்துவருவேன். சிகிச்சை பிரசவத்துக்குப் பிறகு.

எதிர்ப்பக்கத்துத் தவறும் இருக்கிறது. "எல்லாத்தையும் எடுத்துடுங்க" என்பதை அப்படியே நிறைவேற்றித் தருகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. சி.ஐ.என்.-க்குக் கருப்பையை எடுப்பது முதல் சிகிச்சை ஆகாது. தேவையற்ற பெரிய அறுவை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வேறு. முறையாகப் பரிசோதிக்காமல் எடுத்த கருப்பையில் மறைந்திருந்த புற்றுநோய் பிறகு தெரியவந்தால், சாதாரணக் கருப்பை நீக்கம் அதற்குப் போதாது. விட்டுப்போனதைச் சரிசெய்வது முதலிலேயே முறையாகச் செய்வதைவிடக் கடினம். முன்னர் எங்கோ நடந்த அறுவையின் தழும்போடும் பிறகு வந்த பயாப்ஸி அறிக்கையோடும் கதிர்வீச்சுப் பிரிவுக்குப் பெண்களை அனுப்பிவைத்திருக்கிறேன். 'கர்ப்பப்பைதான் இல்லையே' என்று அவர்கள் வீட்டில் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள்.

பிள்ளை போதும் என்ற பெண்களுக்கு, மாற்றம் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்து, கருப்பை வாய்க் கால்வாய்க்குள் ஏறாமல் இருந்தால், வெட்டாமலே சுட்டழிக்கும் வழியும் உண்டு. எங்களைப் போன்ற ஊர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வந்ததில்லை என்றே நினைக்கிறேன். முன்பு, உறையவைத்து அழிக்கும் கிரையோதெரபிக்கு வாயு சிலிண்டர் வேண்டும், அது தீர்ந்துபோனால் காத்திருக்க வேண்டும். லீப் கருவிக்கோ மின்சாரம் வேண்டும், யாங்கோனில் அது முறைபோட்டு வருகிறது. வெப்பத்தால் அழிக்கும் கருவி கைக்கடக்கமானது, பேட்டரியில் ஓடும். நுனி 100 டிகிரிக்குச் சூடாகி 20, 30 நொடியில் வேலை முடிந்துவிடும். எழுந்து நடந்தே வீட்டுக்குப் போவார்கள். சில வாரம் நீராய்க் கசியும்.

ஒரே வருகையில் பார்த்து, அந்த வருகையிலேயே அழித்துவிடும் முறைக்கு ஆதாரம் தேடினால் எங்கள் பூர்வீகப் பக்கத்திலேயே கிடைக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கி, அம்பிளிக்கை கிறிஸ்தவ மருத்துவ மையமும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், லியோனிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் டாக்டர் சங்கரநாராயணனும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. பயிற்சி பெற்ற நர்ஸுகள் 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பை வாயில் அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்த்தார்கள். தகுந்தவர்களுக்கு அங்கேயே கிரையோதெரபி கொடுத்தார்கள். 31 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பரிசோதனைக்கு வந்தார்கள். 2007-இல் முடிவு வந்தபோது, ஒப்பீட்டுக் கிராமங்களைவிட நோய் 25 விழுக்காடும் சாவு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்தக் கட்டுரையின் இன்னொரு எண்ணை. முன்நிலை மாற்றம் கண்டறியப்பட்டவர்களில் சிகிச்சை பெற்றவர்கள் 72 விழுக்காடு. ஊர் ஊராய்ப் போய் அத்தனை அக்கறையோடு நடத்திய ஆய்விலும் நாலில் ஒருத்திக்கு மேல் கையை விட்டுப் போயிருக்கிறாள். வாசலில் உட்கார்ந்து எதிர்பார்க்கும் கிளினிக்குக்கு எத்தனை பேர் திரும்புவார்கள் என்று அதை வைத்தே கணக்கிடலாம்.

2014-க்கு முன்னால் மியன்மாரில் சிம் கார்டு என்பதே பணக்காரர்கள் சமாசாரம். வரவேண்டிய நாளில் வராத பெண்ணுக்குச் சொல்லியனுப்ப, தெருமுனைத் தொலைபேசிக்காரரின் எண்தான் இருக்கும். அவரிடம் சேதியை எப்படிச் சொல்வது? "ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாங்க" என்பதே தெருவுக்கெல்லாம் தெரிந்துவிடும். அந்த ஆண்டு வெளிநாட்டு நிறுவனங்கள் 1,500 சட்டுக்கு சிம் விற்க ஆரம்பித்த பிறகுதான் என் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு எண் வந்தது. சி.ஐ.என். 2-ஐப் பார்த்திருக்கலாம் என்று தைரியமாகச் சொல்ல ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். மருத்துவ நூல் எதிலும் இது இருக்காது. ஆனால் என் சிகிச்சை முடிவுகளை மாற்றியவற்றில் அந்த மலிவு சிம்முக்கும் இடம் உண்டு.

2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அந்தப் பதிவேடு சிதறியது. அரசு மருத்துவமனை ஊழியர்கள் பெருமளவில் ஒத்துழையாமையில் இறங்கினார்கள். மார்ச்சில் யாங்கோனின் தொழிற்சாலைப் பகுதியான ஹ்லைங் தாயாவில் ராணுவச் சட்டம் வந்ததும் ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் கூட்டம் கூட்டமாக ஊருக்குத் திரும்பினார்கள். ஜூலையில் கொரோனா அலை. வீடு மாறியதோடு எண்ணும் மாறியது. கண்காணிப்பிலிருந்த பெயர்களை நானும் நர்ஸும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்தோம். மணி அடிக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். அல்லது வேறு யாரோ எடுப்பார்கள். யாரையும் பார்த்திருக்க முடியாத அந்த மாதங்களில் என் தராசு சிகிச்சைப் பக்கமே சாய்ந்தது, இன்றும் கொஞ்சம் அப்படித்தான். பிள்ளை பெற வேண்டிய இளம்பெண்களுக்கு மட்டும் கண்காணிப்பை விட்டுக்கொடுக்கவில்லை. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையைக் காப்பாற்றும் வசதியும் அதே நாட்டில்தானே தேட வேண்டியிருக்கிறது.

எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுநோய் அவர்களுக்கு மற்றவர்களைவிட ஆறு மடங்கு அதிகமாக வருகிறது. மாற்றம் முற்றும் காலமும் 5 முதல் 10 ஆண்டுகளாகச் சுருங்கிவிடலாம். பரிசோதனையை 25 வயதிலேயே தொடங்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இவர்களிடம் நான் அதிகம் காத்திருப்பதில்லை. ஆனால் என் பதிவேட்டில் தேதி தவறாமல் வருகிறவர்களும் இவர்களேதான், ஏனென்றால் ஏ.ஆர்.டி. மாத்திரை வாங்க எப்படியும் வந்தாக வேண்டும். மாத்திரை வாங்கும் நாளன்றே கால்போஸ்கோப்புக்கும் நேரம் குறித்துவிட்டால் அநேகமாக யாரும் விட்டுப்போவதில்லை.

அதைப் பார்த்துத்தான் மற்ற பெண்களுக்கும் தேதி குறிக்கும் முறையை மாற்றினேன். ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று வெறுமனே சொல்வதில்லை. அவர் ஏற்கெனவே எதற்காகக் கிளினிக்குக்கு வருவார் என்று கேட்டு, அதோடு சேர்த்து ஓர் அட்டையில் குறித்துக்கொடுக்கிறேன். கைக்குழந்தைக்காரிக்குத் தடுப்பூசி நாள். சர்க்கரை உள்ளவருக்கு மருந்து வாங்கும் நாள். நிறையப் பேருக்கு மூன்று மாதக் கருத்தடை ஊசி, அதில் இரண்டாவது ஊசி என்றால் ஆறு மாதக் கணக்குத் தானாகவே சரியாகிவிடுகிறது. சிகிச்சை முடிந்தவர்களுக்கும் இதே அட்டைதான். 12 மாதத்தில் ஒரு எச்.பி.வி. சோதனை கட்டாயம், பிறகும் ஆண்டுக்கணக்கில் பார்க்க வேண்டும். "அதான் எடுத்தாச்சே" என்று வராமலிருப்பவர்களே அதிகம். அதனால் ஊசிக்கு வருகிறவரிடம் சிரிஞ்சைப் பிரிக்கும் முன் எங்கள் நர்ஸ் கேட்பது, "அக்கா, அந்த டெஸ்ட் எடுத்தாச்சா?"